எழுபதுக்கு எத்தனை மார்க்கு

உக்காருங்க சார், இடம் இருக்கு. இந்தப் பையை நான் மடியில வச்சுக்கிறேன், நீங்க தாராளமா உக்காருங்க. என்ன கேஸு? சொத்துத் தகராறா? இந்த வராண்டாவுல பாதிப் பேரு அண்ணன் தம்பி பாகத்துக்குத்தான் வந்து நிக்கிறான். என்னுது அது இல்ல. என்னுது அடிதடி. பயந்துடாதீங்க. ஒரு ஆளோட வலது கையில மூணு விரலு. சுத்தியலால அடிச்சு நொறுக்கிட்டேன்னு கேஸு.

அடிச்சீங்களாங்கிறீங்களா? அடிச்சேன். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. உள்ள போயி அப்படி வாயைத் திறக்கக் கூடாதுன்னு வக்கீலு சொல்லியிருக்காரு. உள்ள போனா, சுத்தியல் அவன் மேசையிலயே கிடந்துது, தள்ளுமுள்ளுல கை மேல விழுந்துடுச்சு. அதான் நம்ம பேச்சு. அன்னிக்கு சுத்தி நின்ன அத்தனை பேருல ஒருத்தனும் கூண்டுல ஏறி நான் பார்த்தேன்னு சொல்லல. ஒருத்தன் டீ குடிக்கப் போயிருந்தானாம், ஒருத்தனுக்குக் கண்ணாடி இல்லையாம். அடிபட்டவனும் சுத்தியல் எங்கேருந்து வந்துதுன்னு கவனிக்கலன்னுட்டான். மிச்சம் ஒரே ஒரு சாட்சி. இன்னிக்கு அந்த சாட்சிதான். சுத்தியல் மேசையில கிடந்துதுன்னு சொல்லிட்டா நான் வீட்டுக்குப் போயிடுவேன். வீட்டுலேருந்து எடுத்துக்கிட்டு வந்தாருன்னு சொன்னா நான் உள்ள போவேன். நாலு வருசம், அஞ்சு வருசம்னு வக்கீலு பயம் காட்டுறாரு. எனக்குப் பயமே இல்ல சார். சாட்சி யாருங்கிறீங்க? என் பொண்டாட்டி.

பேரு சத்தியநாதன். ஊரு பொறையாரு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால லேத்துப் பட்டறை வச்சிருக்கேன். மீன்பிடி போட்டு இஞ்சினு, டிராக்டர் சாமான் எல்லாம் நம்மகிட்ட வரும். இரும்பு, செம்பு, பித்தளை, எதை எவ்வளவு அடிச்சா என்ன ஆகும்னு கைக்கே தெரியும். இருபது வருசமா பழைய காசு சேக்குறேன். விக்கிறதுக்கு இல்ல, வச்சுக்கிறதுக்கு. பக்கத்துல தரங்கம்பாடி இருக்குல்ல, அங்க டேனிஷ்காரன் கோட்டையைக் கட்டி உக்காந்துக்கிட்டு அங்கேயே காசும் அடிச்சான். ஒரு பக்கம் கிரீடமும் ராஜா எழுத்தும், இன்னொரு பக்கம் கம்பெனி எழுத்து. புயல் அடிச்சு கடல் மண்ணை வாரிக்கிட்டுப் போன மறுநாள் விடியக்காலம் போனா கோட்டைக்குக் கீழ மணல்ல கண்ணுல படும். நண்டு வளையைத் தோண்டுற மாதிரி தோண்டணும். முழங்கால் தேஞ்சு போச்சு சார் எனக்கு.

சரி, விசயத்துக்கு வரேன். மெட்ராஸ்ல ஒரு கம்பெனி. நாம காசை அனுப்பினா, அவன் கண்ணுல லென்ஸை வச்சுப் பார்த்து, எழுபதுக்கு மார்க்குப் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவுல வச்சு ஒட்டித் திருப்பி அனுப்புவான். அதுக்கப்புறம் நம்ம காசை நாமளே தொட முடியாது. மார்க்கு இல்லாத காசை இன்னிக்குக் காசு சேக்குறவன் எவனும் மதிக்கிறது இல்ல. நான் என் காசை எடுத்து நீட்டுறேன், எதிராளி காசைப் பார்க்க மாட்டேங்கிறான், "மார்க்கு எத்தனை?"ங்கிறான். கை பரபரங்கும் சார். ஒரு தடவ ஒருத்தனைச் சட்டையைப் பிடிச்சே தூக்கிட்டேன்.

எழுபதுங்கிறது எந்த ஊரு கணக்கு? அமெரிக்காக்காரன் கணக்கு. அவன் ஊர்லயே, வெள்ளைக்காரன் குடியேறுன புதுசுல அடிச்ச காசுக்கு இந்தக் கணக்கு ஒத்து வரலன்னு காசு சேக்குறவன் எல்லாம் சண்டை போடுறானாம். செல்லுல படிச்சேன். நியாயந்தானே? அந்தக் காலத்துல மிஷினா இருந்துது? ஒருத்தன் அச்சைப் பிடிப்பான், ஒருத்தன் ஓங்கி அடிப்பான். அச்சு பெருசு, செம்புத் தகடு சின்னது. கிரீடம் பாதி வெளிய போயிடும். பிடிச்சவன் கை நடுங்கினா எழுத்து ரெண்டா விழும். அது காசோட குத்தமா? பொறப்பே அப்படி. அதுக்கு "அடி சரியில்லை, ஓரம் இல்லை"ன்னு எழுதி மார்க்கைக் குறைக்கிறான். நான் முதல்ல அனுப்புன காசுக்கு பன்னெண்டு போட்டான் சார். எழுபதுக்குப் பன்னெண்டு! டப்பாவை லேத்து மேசையில வச்சேன். சுத்தியலை எடுத்து ஒரே போடு. பிளாஸ்டிக் சில்லு தெறிச்சு லீதியா புருவத்துல பட்டுடுச்சு. லீதியா, என் பொண்டாட்டி. ரெண்டு தையல்தான். நான் சுத்தியல் எடுக்கிறப்போ பக்கத்துல வந்து ஏன் நிக்கணும்?

அடுத்த காசுக்கு பதினஞ்சு. அன்னிக்குச் சோத்துத் தட்டு சுவத்துல போயி அடிச்சுது. மூணாவதுக்கு மறுபடி பன்னெண்டு. அன்னிக்கு என்ன உடைஞ்சுதுன்னு ஞாபகம் இல்ல.

எனக்கு மார்க்குன்னாலே ஆகாது சார், அதைச் சொல்லிடுறேன். பத்தாவதுல கணக்குல முப்பத்திரெண்டு. முப்பத்தஞ்சு எடுத்தா பாஸு. மூணு மார்க்கு! திருத்துனவன் எவன், எந்த ஊரு, என்ன பார்த்தான், ஒண்ணும் தெரியாது. எங்க கணக்கு வாத்தியாருதான் கையில அகப்பட்டாரு, அவரு சைக்கிளைத் தூக்கிக் கிணத்துல போட்டேன். அன்னியோட படிப்பு போச்சு. எங்கேயோ உக்காந்துக்கிட்டு ஒருத்தன் ஒரு நம்பரை எழுதுவான், நம்ம பொழப்பு அதுல முடிஞ்சுடும். இது என்ன நியாயம்?

போன வருசம் கார்த்திகையில புயல் அடிச்சுதுல்ல. மூணாம் நாள் காலையில போனேன். கிடைச்சுது சார். உள்ளங்கையில எடுத்து வச்சதும் எனக்கு மூச்சே நின்னுடுச்சு. கிரீடம் முழுசு. எழுத்து முழுசு. ரெண்டு பக்கமும் நடு நடுவுல விழுந்திருக்கு. மேல ஒரு தோலு, பச்சை கலந்த கருப்பு, எண்ணெய் தடவுன மாதிரி. அந்தத் தோலு உண்டாக எத்தனை காலம் மண்ணுக்குள்ள கிடந்துதோ. காசு சேக்குறவனுக்கு உயிரு அந்தத் தோல்லதான். நான் ஊதக்கூட இல்ல. செல்லுல போட்டோ எடுத்தேன், பஞ்சுல வச்சேன், அவ்வளவுதான்.

ஒரு மாசம் வீட்டுல அதே பேச்சு. இட்லியைப் பிட்டுக்கிட்டே சொல்வேன், "லீதியா, இதுக்கு நாப்பத்தஞ்சு வரும் பாரு. வரல, இந்த வீட்டுல ஒரு சாமான் மிஞ்சாது." ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான். அவ தலையை ஆட்டுவா. நல்லவ சார். ரொம்பச் சுத்தம். எங்க கோயில் சிலுவை, மெழுகுவத்திக் கால், காணிக்கைத் தட்டு, எல்லாப் பித்தளையும் மாசாமாசம் எங்க வீட்டுக்குத்தான் வரும். புளியைப் போட்டுத் தேய்ச்சு அவ திருப்பிக் கொடுத்தா ஐயரே முகம் பார்க்கலாம். எங்க பாதிரியாரை நாங்க ஐயருன்னுதான் சொல்வோம். வீட்டை விட்டு ஒரு டம்ளர் வெளிய போறதுன்னாலும் தேய்க்காம கொடுக்க மாட்டா. கையெல்லாம் புளியில வெடிச்சுக் கிடக்கும்.

காசைப் பேப்பர் கவர்ல போட்டேன், கம்பெனி விண்ணப்ப பாரம் எழுதினேன், கூரியர்ல போட்டுடுன்னு அவகிட்ட கொடுத்துட்டு நாகப்பட்டினம் போயிட்டேன். ஒரு போட்டு இஞ்சினு வேலை. ஆறு வாரம் ஆச்சு. டப்பா வந்துது.

பிரிச்சுப் பார்த்தா என் காசு இல்ல சார் அது! என் காசுதான், ஆனா தோலை உரிச்சுட்டான். செக்கச் செவேல்னு, நேத்து அடிச்ச காசு மாதிரி இளிக்குது. நம்பரே இல்ல. சீட்டுல ஒரே வரி. "சுத்தம் செய்யப்பட்டது. மதிப்பெண் இல்லை." பன்னெண்டு போட்டிருந்தாக்கூட அது ஒரு மார்க்கு. இது பரிச்சைக்கே வராதவன்னு எழுதுன மாதிரி. என் கண்ணு இருட்டிடுச்சு. அனுப்புறப்போ கருப்பு, வர்றப்போ சிவப்பு. எவன் தேய்ச்சிருப்பான்? அவன்தானே? அவனே தேய்ச்சுக் கெடுத்துட்டு என் தலையில கட்டுறான்.

ஆனா நான் நியாயம் பார்க்கிறவன். மொதல்ல வீட்டுல கேட்டேன். "எவடி தொட்டா?"ன்னேன். "யாரும் தொடலைங்க"ன்னா. ரெண்டாந்தடவ கேட்டேன். "யாரும் தொடலைங்க." மூணாந்தடவ கேக்குறப்போ கதவு சாத்திக்கிச்சு. அவ கை அங்க இருந்துது.

பெரியாஸ்பத்திரிக்கு நான்தான் சார் தூக்கிக்கிட்டு ஓடினேன், வண்டியில வச்சு. அங்க ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பார்க்கிறா. "மணிக்கட்டு இன்னிக்கு உடைஞ்சது. இந்த விரலு மூணு நாலு வருசத்துக்கு முன்னால உடைஞ்சு தானா கூடியிருக்கு. இது அதுக்கும் முன்னால"ன்னு வரிசையா சொல்றா. "கதவு சாத்திக்கிச்சும்மா"ன்னேன். "எத்தனை கதவுங்க உங்க வீட்டுல?"ன்னு கேட்டா பாருங்க! இவளும் அதே ரகம் சார். நடந்தது என்ன, மனுசன் யாரு, ஒண்ணும் தெரியாது. ஒரு படத்தைப் பார்த்தா போதும், எல்லாம் தெரிஞ்ச மாதிரி எழுதிடுவா. அந்த எக்ஸ்ரேயைப் பிடுங்கிக் கிழிக்கப் போனேன், கிழிய மாட்டேங்குது. வாட்ச்மேன் வந்துட்டான்.

அப்புறந்தான் தெரிஞ்சுது, இந்த ஊருக் கல்யாண மண்டபத்துல காசுக் கண்காட்சி, அந்த மெட்ராஸ் கம்பெனி ஆளும் கடை போடுறான்னு. சேஷகிரின்னு பேரு. அவன்தான் மார்க்குப் போடுறவன். நேரா போயி கேட்டுடுவோம்னு கிளம்பினேன். லீதியாவையும் கூட்டிக்கிட்டேன். எதுக்கா? சாட்சிக்கு. எங்க வீட்டுல யாரும் தொடலன்னு அவ வாயால அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும்னு. மாவுக்கட்டோட எப்படிங்க பஸ்ல வர்றதுன்னா. வாடின்னேன். வந்தா.

சுத்தியலும் எடுத்துக்கிட்டேன். உங்ககிட்ட சொல்றேன். பையில, துண்டுல சுத்தி.

சேஷகிரி ஒல்லியா, அம்பது அம்பத்தஞ்சு வயசு இருக்கும், லென்ஸைக் கயித்துல கட்டிக் கழுத்துல தொங்கப் போட்டிருந்தான். டப்பாவை மேசையில டொப்புனு வச்சேன். செல்லுல போட்டோவைக் காட்டினேன். "பாருய்யா, நான் அனுப்புனது இது. நீ கொடுத்தது இது. எவன்யா தேய்ச்சது?" கூட்டம் கூடிப் போச்சு. அவன் பொறுமையா சொல்றான், "ஐயா, காசு வந்த அன்னிக்கே, பிரிச்ச உடனே நாங்க படம் எடுத்து வச்சிருவோம். இருங்க, காட்டுறேன்." கம்ப்யூட்டரைத் திறந்தான். நான் லீதியாவை முன்னால இழுத்து நிறுத்தினேன். "சொல்லுடி, வீட்டுல எவனாவது தொட்டானா?" அவ, "யாரும் தொடலைங்க"ன்னா. சத்தமே வரல. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மாவுக்கட்டைப் பார்த்தான். அந்தக் கட்டுக்கு வெளிய தெரிஞ்ச விரலைப் பார்த்தான், அந்த இன்னொரு கையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான் சார். லென்ஸ் இல்லாமலே.

அப்புறம் பாதி திறந்த கம்ப்யூட்டரை மூடிட்டான்!

எதுக்கு மூடுறான்? படம் இருந்தா காட்ட வேண்டியதுதானே? மூடிட்டு, "எங்க தப்புதான் ஐயா. எங்க ஆபீஸ்லதான் துடைச்சிருப்பாங்க. நானே துடைச்சிருப்பேன். வீட்டுல யாரையும் ஒண்ணும் சொல்லாதீங்க. அம்மா மேல தப்பில்ல"ங்கிறான். ஒத்துக்கிட்டான் சார்! அத்தனை பேரு முன்னால அவன் வாயாலயே! எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவன் வலது கை மேசையில டப்பா பக்கத்துல விரிச்சபடி இருந்துது. இந்தக் கைதானே தேய்ச்சுதுன்னு நெனச்சேன். பையில கையை விட்டேன். ஓங்கி ஒண்ணு. டப்பா உடையிற சத்தம் வேற, எலும்பு உடையிற சத்தம் வேற. எலும்பு சத்தம் சின்னது. அவன் கத்தக்கூட இல்ல, வாயைத் திறந்தபடி உக்காந்துட்டான். ரெண்டாவது அடி மேசை மேல விழுந்துது. மூணாவதுக்கு ஓங்குறப்போ பின்னாலேருந்து நாலு பேரு பிடிச்சுட்டாங்க. மேசை விரிப்புல ரத்தம். லீதியா கீழ உக்காந்து அவன் கையைத் தன் முந்தானையால சுத்துறா. என் கையை யாரு பார்த்தா? சுத்தியல் பிடி வழுக்கி என் பெருவிரலு நகம் பேந்து போச்சு.

இனிமே அந்தக் கையால லென்ஸைப் பிடிக்க முடியாதாம். விரலு மடங்காதாம். நல்லது. இன்னொருத்தன் காசாவது பொழைச்சுது.

அதோ பாருங்க. கேட்டுக்கிட்ட, நீலப் புடவை. அவதான் லீதியா. கூட வர்றது அவ அக்கா. கண்காட்சி அன்னியிலேருந்து அக்கா வீட்டுலதான் இருக்கா, கை சரியாகுற வரைக்கும். எட்டு மாசம் ஆச்சு. மணிக்கட்டு எலும்பாச்சே, மெதுவாத்தான் கூடும். நானும் நாலஞ்சு தடவ போயிக் கதவைத் தட்டினேன், அந்த அக்காகாரி திறக்க மாட்டேங்குறா. கடைசித் தடவ தாழ்ப்பாளே பேந்து வந்துடுச்சு. அதுக்குப் போலீஸ்ல மனு கொடுத்திருக்கா, பாருங்க அநியாயத்தை.

இந்தப் பக்கம் பார்க்கல. வெயிலு கண்ணுல அடிக்குதுபோல. பரவாயில்ல. அவளுக்கு என்ன சொல்லணும்னு தெரியும். பத்தொம்பது வருசத்துல நான் சொன்னதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினது இல்ல. புருவத்துல தையல் போட்டப்போ கேட்டாங்க, அரிவாமனையில இடிச்சுக்கிட்டேன்னா. அதுக்கு முன்னால, படி வழுக்கிடுச்சுன்னா. நான் சொல்லிக்கூடக் கொடுக்கல சார், அவளாவே சொன்னா. அப்படிப்பட்டவ.

கூப்பிடுறான். பையைக் கொஞ்சம் பார்த்துக்குங்க. வந்துடுறேன்.

*

நீங்க இன்னும் போகலையா? உங்க கேஸை எடுக்கலையா? சரி. தள்ளுங்க, நானும் உக்கார்றேன். தண்ணி இருக்கா? கொடுங்க.

சொல்லிட்டா சார்.

எல்லாத்தையும் சொல்லிட்டா. அரசாங்க வக்கீலு சுத்தியலை எடுத்துக் காட்டினாரு. இது யாருதும்மா? "எங்க பட்டறைச் சுத்தியலுங்க. பிடியில சைக்கிள் டியூப் சுத்தியிருக்குல்ல, அதை நான்தான் சுத்திக் கொடுத்தேன், அவரு கை வழுக்காம இருக்கணும்னு." எதுக்கு எடுத்துட்டு வந்தாருன்னு கேட்டீங்களா? "கேக்கலைங்க. கேட்டா என்ன ஆகும்னு தெரியும்." என் வக்கீலு எழுந்திரிச்சு, ஏம்மா, புருசன் மேல கோபத்துல பொய் சொல்றியான்னு உறுமுறாரு. இவ பயப்படவே இல்ல. "இத்தனை வருசமா சொன்னதுதாங்க பொய்"ங்கிறா. புருவம், விரலு, படி, அரிவாமனை, கதவு. ஒண்ணொண்ணா. தேதியோட! அந்த டாக்டரம்மா மாதிரியே. தேதியெல்லாம் எதுக்கு ஞாபகம் வச்சுக்கணும் ஒரு பொம்பளை?

அதுகூடப் போகட்டும். ஜட்ஜ் ஐயா அந்தக் காசைக் கையில எடுத்துப் பார்த்துட்டு, இதை யாருதான் தேய்ச்சதுன்னு கேட்டாரு. சும்மா கேட்டாரு. இவ சொல்றா, "நான்தாங்க."

சார், எனக்குக் காதே அடைச்சுடுச்சு.

"கூரியருக்குப் போறதுக்கு முன்னால கவரைப் பிரிச்சுப் பார்த்தேங்க. கருப்பா, அழுக்கா இருந்துது. இதை இப்படியே அனுப்பினா மார்க்கு குறைச்சுடுவாங்க. மார்க்கு குறைஞ்சா வீட்டுல அடி விழும். அதான் புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சு, நல்லாத் துடைச்சு, திருப்பிக் கவர்ல வச்சு ஒட்டிட்டேன். நல்ல மார்க்கு வரும்னுதாங்க தேய்ச்சேன்."

ஜட்ஜ் கேட்டாரு, புருசன்கிட்ட ஏம்மா சொல்லல? "மூணு தடவ கேட்டாருங்க. மூணாந்தடவ பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள கை போயிடுச்சு."

அப்புறம் திரும்பி, பின் பெஞ்சுல உக்காந்திருந்த அந்த சேஷகிரியைப் பார்த்தா. மடங்காத விரலை இடது கையால மூடிக்கிட்டு உக்காந்திருக்கான் அவன். "அவருக்கு அன்னிக்கே தெரியுங்க. கம்ப்யூட்டரைத் திறந்தாரு. என் கையைப் பார்த்தாரு, புளியில வெடிச்சதையும் பார்த்தாரு, கட்டையும் பார்த்தாரு. மூடிட்டாரு. நான் வீட்டுக்குத் திரும்பிப் போகணும்ல, அதுக்காகப் பழியைத் தன் மேல போட்டுக்கிட்டாரு. என் கையில விழ வேண்டியதை அவரு கையில வாங்கிக்கிட்டாரு. இன்னிக்கும் நான் பொய் சொன்னா நான் மனுசியே இல்லைங்க." சொல்லிட்டு அழுதா. அவனும் அழுறான். ரெண்டு பேரும் அழுவுறாங்க, என்னமோ நான் செத்த மாதிரி.

புளியாம் சார். புளி! எங்க ஊருக் கடலு அத்தனை காலம் தொடாத தோலு. புயலு தொடாத தோலு. ஒரு எலுமிச்சங்காய் அளவு புளியில போச்சு. நாப்பத்தஞ்சு வந்திருக்கும் சார் அந்தக் காசு. அம்பதுகூட வந்திருக்கும். இத்தனை மாசமா ஒருத்தனைச் சும்மா திட்டிக்கிட்டு இருந்திருக்கேன், கொள்ளிவாய்ப் பிசாசு என் வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமா, இல்லையா? நீங்களே சொல்லுங்க. நான் என்ன பண்ணியிருக்கப் போறேன்? மிஞ்சிப் போனா ரெண்டு அடி. அதுக்குப் பயந்துக்கிட்டு ஒரு காசைக் கொல்லுவாளா ஒருத்தி?

தீர்ப்பு பதினெட்டாம் தேதி. வக்கீலு என் மூஞ்சியைக்கூடப் பார்க்காம கவுனைக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. அவ பக்கமே போகக் கூடாது, பேசக் கூடாதுன்னு ஜட்ஜ் சொல்லியிருக்காரு. சொல்லட்டும். பதினெட்டாம் தேதி வரைக்கும் நான் வெளியிலதானே இருக்கேன். நாலு வார்த்தை அவகிட்டக் கேக்க வேண்டியிருக்கு. பையைக் கொடுங்க.

அவ வெளிய வந்து எந்தப் பக்கம் போனா? நான் கையெழுத்துப் போட்டுக்கிட்டு உள்ள நின்னுட்டேன். நீங்க இங்கதானே உக்காந்திருந்தீங்க. நீலப் புடவை. கூட அக்கா. இந்தப் படியிலதான் இறங்கியிருப்பா, உங்க முன்னாலதான் போயிருப்பா. ஆட்டோவா, பஸ்ஸா? அந்த சேஷகிரி கூடப் போனாளா?

பார்க்கலையா?

இந்த வராண்டாவுல வேற என்ன வேலை உங்களுக்கு? இவ்வளவு நேரம் கண்ணு இமைக்காம என் வாயைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. பார்த்திருப்பீங்க. அவ கையைப் பார்த்திருப்பீங்க. பார்த்துட்டு நீங்களும் அவனை மாதிரியே மூடி வச்சுக்கிறீங்க.

ஏன் சார் எழுந்திரிக்கிறீங்க? நான் பேசிக்கிட்டு இருக்கேன்ல. எங்க போறீங்க? போலீஸ்காரரையா பார்க்கிறீங்க? அவரு டீ குடிக்கப் போயிருக்காரு. உக்காருங்க. எந்தப் பக்கம் போனான்னு சொல்லிட்டுப் போங்க, உங்களை நான் என்ன செய்யப் போறேன்.

உக்காருங்க சார்.

உக்காருடா.